தேர்வு நாள் நோயாளி

குணமாகிவிட்டால் மதிப்பு போய்விடும் என்ற இடத்தில் நிற்கும் ஒரு மனிதர் குணமாக விரும்புவாரா? சேலையூர் தனக்கோடியின் வாழ்க்கையில் மூன்றரை வருடம் இந்தக் கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. இதைவிடச் சிறிய கேள்விகளுக்கு இருநூறு பக்கம் எழுதியவர்கள் உண்டு. தனக்கோடியிடம் நேராகவே கேட்டபோது, "முதல்ல குணமாவட்டும், அப்பால பார்க்கலாம்" என்றார். பதில் சொல்லாமல் நழுவும் வழிகளில் இது ஒன்றும் மோசமானதல்ல.

மாநகரப் பேருந்தில் இருபத்திரண்டு வருடம் நடத்துநராக இருந்தவர். தாம்பரத்திலிருந்து கிளம்பும் வண்டிகளில்தான் பெரும்பாலும் வேலை. இனிமையானவர் என்று யாரும் சொன்னதில்லை, நானும் சொல்லப் போவதில்லை. ஆனால் குரல் இருந்தது. படிக்கட்டில் தொங்கும் கூட்டத்தைப் பார்த்து, "உள்ள போ, உள்ள போ, உள்ள இன்னா பாம்பா கீது?" என்று ஒரு அதட்டல் போட்டால், இடமே இல்லாத வண்டியில் பத்துப் பேருக்கு இடம் பிறக்கும். ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். எழுபது பேரும் ஓர் ஓட்டுநரும் தன் வாயில் இருக்கும் ஒரு சின்னக் குழலுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்ற நினைப்பு ஒரு மனிதரை என்னவெல்லாம் செய்யும் என்பதை அவரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஐம்பத்தொன்றாவது வயதில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது இடது கையிலிருந்த சொம்பு தானாகக் கீழே விழுந்தது. பக்கவாதம். அரசு மருத்துவமனையில் உயிரைக் காப்பாற்றி அனுப்பினார்கள். இடது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. இடது கால் நேராக வராமல், தரையில் அரை வட்டம் போட்டபடி வந்தது. பேச்சு மட்டும் கொஞ்சமும் குழறவில்லை. அதுதான் சிக்கலாகப் போயிற்று. குரல் அப்படியே இருந்தது, கேட்க ஆள் இல்லை. மனைவி சந்திரிகா ஒரு பள்ளியில் ஆயா வேலை பார்த்தார், காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுவார். அதற்குப் பிறகு வீட்டில் தனக்கோடியின் அதட்டலுக்குக் கட்டுப்பட மின்விசிறிகூட இல்லை. அதன் சுவிட்ச் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

வண்டலூர் பக்கம் ஒரு கல்லூரியில் இயன்முறை மருத்துவம் சொல்லிக் கொடுக்கிறார்கள், பிள்ளைகள் பழகுவதற்காக வைத்தியம் இலவசம் என்று யாரோ சொன்னார்கள். போனார். தன் காலைப் பிடித்துப் பார்த்த மாணவரிடம் எத்தனை வருடப் படிப்பு என்று விசாரித்தார். நான்கரை வருடம் என்றதும் அவருக்குத் தாங்கவில்லை.

"காலைப் புடிச்சி வுடறதுக்கு நாலரை வருசமா? அந்த நேரத்துல நான் எத்தினி ட்ரிப்பு அடிச்சிருப்பேன்."

அந்த மாணவர் இதே கேள்வியைத் தன் சித்தப்பாவிடமிருந்தும், பெண் பார்க்கப் போன வீட்டிலும் ஏற்கெனவே கேட்டிருந்தார். முழங்காலை மடக்கச் சொன்னார்.

அந்த வளாகத்தில் நான்கு பட்டப்படிப்புகள் அடுத்தடுத்த கட்டடங்களில் இருந்தன. ஒன்றில் உடலை அசைக்கப் பழக்குவார்கள். அடுத்ததில் சட்டை போடுவது, சாதம் பிசைவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பழக்குவார்கள். மூன்றாவதில் செயற்கைக் கால் செய்வார்கள், நான்காவதில் பேச்சுப் பயிற்சி. முதலிரண்டு துறைகளுக்கும் இடையில் ஓர் எல்லைத் தகராறு உண்டு. மணிக்கட்டு வரை எங்களுடையது, விரல்கள் அவர்களுடையவை என்று இவர்கள் சொல்வார்கள். விரல் வேண்டுமென்றால் தோளிலிருந்தே தொடங்க வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள். தனக்கோடியின் இடது கை, இரண்டு மாநகராட்சி வார்டுகளின் எல்லையில் கிடக்கும் குப்பை மாதிரி, அள்ளுவதற்கு ஆளில்லாமல் கிடந்தது. காலைத்தான் எல்லாரும் பார்த்தார்கள். கால் கொஞ்சம் தேறியது.

இயன்முறைப் படிப்பில் ஒரு வழக்கம் உண்டு. செய்முறைத் தேர்வுக்கு நிஜமான நோயாளிகள் வேண்டும். முழங்கால் வலி ஒன்று, தோள்பட்டை ஒன்று, பக்கவாதம் ஒன்று என்று வரிசையாகக் கட்டிலில் உட்கார வைப்பார்கள். மாணவர்கள் சீட்டு எடுத்து, வந்த நோயாளியைப் பரிசோதித்து, கண்டதை வெளியூரிலிருந்து வரும் தேர்வாளரிடம் சொல்ல வேண்டும். நோயாளிகளைத் திரட்டும் பொறுப்பு பிரிட்டோ என்ற ஆசிரியருடையது. தேர்வுக்கு முந்தின வாரம் முழுவதும் அவர் கல்யாண வீட்டுக்காரர் போலத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருப்பார். கண்டிப்பா வந்துடுங்க, வண்டி அனுப்பறோம், சாப்பாடு இருக்கு. அப்படியும் நல்ல பக்கவாதம் கிடைப்பது கடினம். ஒருவருக்குப் பேச்சு வராது, ஒருவர் பாதியில் தூங்கிவிடுவார், ஒருவர் தொட்டாலே அழுவார்.

தனக்கோடி முதல் தேர்வுக்குப் போன அன்று பிரிட்டோ தன் பிரச்சினை தீர்ந்தது என்று உணர்ந்தார். புத்தகத்தில் படம் போட்டது போன்ற கை, படம் போட்டது போன்ற நடை, தெளிவான பேச்சு. காலை எட்டு முதல் பிற்பகல் இரண்டு வரை சோர்வே இல்லை. அன்றே பிரிட்டோ அவரைப் பற்றி நான்கு பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார். மாணவர் சொல்வது சரியா என்று தேர்வாளர் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான குறிப்பு அது. நல்ல குறிப்புதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு தேர்வுக்கும் தேதியை மட்டும் மாற்றி அதையே கொடுத்தார்.

இரண்டாவது தேர்வுக்குள் தனக்கோடிக்குப் பாடம் தெரிந்துவிட்டது. தசை இறுக்கத்துக்கு ஓர் அளவுகோல் உண்டு, எண் கூடக்கூட இறுக்கமும் கூடும் என்பதும் அதில் தன் முழங்கைக்கு மூன்று என்பதும் தெரிந்தது. "நான் மூணு. அதோ அந்தாளு வெறும் ஒண்ணு" என்று பக்கத்துக் கட்டிலைக் காட்டிச் சொல்வார். மாணவர்கள் எதை மறப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்தது. தேர்வாளர் முன் வாயைத் திறந்து உதவ முடியாது, ஆகவே இருமினார். ஒரு இருமல் என்றால் நிறுத்து, தப்பாகப் போகிறாய். இரண்டு இருமல் என்றால் ரைட், போகலாம். இந்த ஏற்பாட்டை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. தாம்பரத்தில் பேருந்து ஏறிப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு அது தானாகவே புரிந்தது. சீட்டில் 'தனக்கோடி' என்று வந்தால் பாஸ் என்று ஆயிற்று. வாசல் பிள்ளையாருக்கு உடைந்த தேங்காய்களில் பாதி உண்மையில் இவர் பெயரில் உடைந்தவை.

வருடத்துக்கு இரண்டு முறை அவர் சொன்னபடி ஒரு கூடம் நின்றது, ஒரு கூடம் நகர்ந்தது. மீதி நாட்களில் அந்த இரண்டு முறைக்காகக் காத்திருந்தார்.

சக நோயாளிகளிடம் அவருக்குப் பெரிய மதிப்பு இல்லை. கேம்ப் ரோட்டில் பாத்திரக் கடை வைத்திருக்கும் ஜெய்னப், தோள்பட்டை இறுகி வந்தவர். ஒரு தேர்வுக்கு அவரையும் அழைத்திருந்தார்கள். தேர்வன்று அவர் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காதோடு ஒட்டிக் காட்டினார். பிரிட்டோ தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாம்மா, ரெண்டே மாசத்துல சரியா பூடுச்சா? எக்ஸாம் வரைக்கும்கூடத் தாங்கலியே" என்றார் தனக்கோடி.

"உங்களுக்கு மூணு வருஷமா சரியாகல. அதுல அப்படி என்ன பெருமை அண்ணா?"

"பெருமை இல்லம்மா. பொறுப்பு."

ஜெய்னப் பொட்டலத்திலிருந்த பிரிஞ்சிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனார். பிறகு வரவில்லை. குணமானவர்கள் அப்படித்தான், திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று தனக்கோடி குறைபட்டுக்கொண்டார்.

விஷ்ணுப்ரியா வந்தது அதற்குப் பிறகு. பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து வரும் பெண். இறுதியாண்டு நரம்பியல் செய்முறையில் இரண்டு முறை தோற்றவள். முதல் முறை, நோயாளி சொன்ன கதையை முழுவதும் கேட்டு முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. இரண்டாம் முறை வந்தது ஒரு குழந்தை. அதன் அழுகையை நிறுத்தினாள், ஆனால் அதற்கு மதிப்பெண் கிடையாது. இந்த ஒரு தாள் நின்றதால் பட்டமும் நின்றது, அதற்கு முன் செய்ய வேண்டிய ஆறு மாத மருத்துவமனைப் பயிற்சியும் நின்றது. மூன்றாம் முறையும் போனால், படிப்பை நிறுத்திவிட்டுக் கிடைத்த வேலைக்குப் போ என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அதுவரை வெளிநோயாளிப் பிரிவில் வந்து பழகிக்கொள்ளலாம் என்று துறையில் அனுமதித்திருந்தார்கள்.

அவளை அவருக்கு முதலில் பிடிக்கவில்லை. மெதுவாக வேலை செய்தாள். எல்லாரும் கால் பக்கம் போக, இவள் அவர் சட்டையைப் பார்த்தாள். எப்போதும் முழுக்கைச் சட்டை போட்டு, வலது கையை மட்டும் ஏன் மடித்துவிட்டிருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஸ்டைல் என்றார். வலது கைப் பித்தானை இடது கையால்தானே போட முடியும் என்றாள். தனக்கோடி பேச்சை மாற்றினார்.

மறுநாள் அவள் அடுத்த கட்டடத்துக்குப் போய், பித்தான்கள் தைத்த பலகை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். எல்லை தாண்டிய குற்றத்துக்கு அவள் துறையில் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் கவலைப்படவில்லை. தோளைத் தளர்த்துவது, முழங்கையை நீட்டுவது, மேசையில் கையை ஊன்றுவது, பிறகு பித்தான். வாரத்துக்கு நான்கு நாள், ஐந்து மாதம். தனக்கோடி திட்டிக்கொண்டே செய்தார். நான்காவது மாதத்தில் கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தேடிக்கொண்டு போனது. ஐந்தாவது மாதத்தில் வலது கைப் பித்தான் துளைக்குள் போனது. கூடவே காலும் அரை வட்டத்தை மறந்திருந்தது.

அன்று விஷ்ணுப்ரியாவுக்குக் கண் கலங்கியது. தனக்கோடி யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். துறையில் வேறு யாரிடமும் இதைச் சொல்ல வேண்டாம், கண் பட்டுவிடும் என்றார். அவள் நம்பினாள். அதன் பிறகு கல்லூரி வாசல் வரை நேராக நடப்பார், வாசலுக்குள் நுழைந்ததும் கை மடங்கும், கால் வட்டம் போடும். ஒருநாள் பின்னால் வந்து இதைப் பார்த்துவிட்ட சந்திரிகா அங்கேயே நிறுத்திக் கேட்டார்.

"வூட்ல நல்லா தானே நடக்குற? இங்க வந்தா மட்டும் ஏன் இழுத்துகினு போற?"

"இங்க தரை வேற."

சந்திரிகா தரையைப் பார்த்தார். நல்ல தரைதான்.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு பிரிட்டோ அவரைத் தனியே கூப்பிட்டுத் தயங்கித் தயங்கிப் பேசினார். அவருக்கும் ஏதோ சந்தேகம் இருந்திருக்கிறது. வேறு பக்கவாதம் இந்த முறை கிடைக்கவில்லை, குறிப்பும் பழையதுதான், ஒருநாள் மட்டும் குறிப்பில் இருக்கிறபடி இருந்துவிட்டால் புண்ணியமாகப் போகும் என்பது பேச்சின் சாரம். பிரிட்டோ கெட்டவர் அல்ல. பக்கவாதத்தைத் தேடித் தெருத் தெருவாக அலைந்தவர்களுக்குத்தான் அவர் நிலைமை புரியும். தனக்கோடி கவலைப்படாதீர்கள் என்று அவர் தோளைத் தட்டினார், வலது கையால்.

தேர்வன்று விஷ்ணுப்ரியா எடுத்த சீட்டில் 'தனக்கோடி' என்று இருந்தது. மற்ற பிள்ளைகள் பெருமூச்சு விட்டார்கள். தனக்கோடிக்கும் நிம்மதி. பழைய கை, பழைய நடை, குறிப்பில் இருப்பது அத்தனையும் தயார், அவள் பார்த்ததைச் சொன்னால் போதும், பாஸ். அவர் வேலையும் பத்திரம். எல்லாரும் பிழைக்கும் அந்தத் திட்டத்தில் அவர் கணக்கில் எடுக்காதது ஒன்றுதான். அந்தப் பெண்ணுக்கு அவரைத் தெரியும்.

தேர்வாளர் வெளியூர்ப் பேராசிரியை, கண்ணாடியை மூக்கின் நுனியில் போட்டிருந்தார். கையில் பிரிட்டோவின் நான்கு பக்கம். விஷ்ணுப்ரியா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். தோள், சரி. முழங்கை இறுக்கத்துக்கு எண் ஒன்று என்றாள். பேராசிரியை குறிப்பைப் பார்த்தார், அதில் மூன்று. தனக்கோடி ஒருமுறை இருமினார். நிறுத்து. அவள் நிறுத்தவில்லை. இடது கையால் பொருளைப் பிடிக்கவும் விடவும் முடியும் என்றாள். தனக்கோடி பதறிப்போய் மறுபடி இருமினார். இருமி முடித்த பிறகுதான் மொத்தம் இரண்டு ஆகிவிட்டது என்று அவருக்கு உறைத்தது. ரைட் கொடுத்தாயிற்று. அவள் சொன்னாள்:

"வலது சட்டைக் கைப் பித்தானைத் தானாகவே போட்டுக்குவார் மேடம்."

பேராசிரியை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இதுல கை எந்த வேலைக்கும் ஆகாதுன்னு போட்டிருக்கே. நீ டெஸ்ட் பண்ணும்போது அவர் செஞ்சாரா?"

"இன்னிக்குச் செய்யல மேடம். கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டிருக்கார்."

"அப்புறம் எப்படிச் சொல்றே?"

"அஞ்சு மாசமா நான்தான் பார்க்கறேன்."

பிரிட்டோ சன்னலுக்கு வெளியே எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார். பேராசிரியை நாற்காலியைக் கட்டிலுக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, மடித்திருந்த வலது சட்டைக் கையைத் தானே இறக்கிவிட்டார்.

"ஐயா, இந்தப் பித்தானைப் போடுங்க."

போட்டால் பழைய தனக்கோடி அந்தக் கட்டிலோடு முடிந்தான். போடாவிட்டால் அவள் பொய்க்காரி, மூன்றாம் முறையும் தோற்றவள். தத்துவத்தில் இப்படிப்பட்ட இடங்களில் நிறையப் பேசுவார்கள். தனக்கோடி முனகினார். "ஏசி ஜாஸ்தியா கீது மேடம்" என்றார். பேராசிரியை ஏசியை அணைக்கச் சொன்னார். வேறு வழி இல்லாமல் போயிற்று.

இடது கை மடியிலிருந்து எழுந்தது. முதல் முயற்சியில் பித்தான் நழுவியது. இரண்டாவதில் துளையின் ஓரம் மடங்கிக்கொண்டது. விஷ்ணுப்ரியா உதவ வரவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். மூன்றாவதில் பித்தான் உள்ளே போய்த் திரும்பிப் படுத்தது. ஒன்றரை நிமிடம் ஆனது. யாரும் கை தட்டவில்லை, அது தேர்வுக்கூடம். பேராசிரியை எழுந்து நடக்கச் சொன்னார். அவர் நடந்தார், அரை வட்டம் இல்லாமல். பேராசிரியை பிரிட்டோவின் குறிப்பை நான்காக மடித்து அவரிடமே கொடுத்துவிட்டு, அடுத்த மாணவரைக் கூப்பிட்டார்.

விஷ்ணுப்ரியா தேறினாள். மதிப்பெண் ஒன்றும் பிரமாதம் இல்லை. நேரம் அதிகம் எடுத்துக்கொண்டதற்காகக் குறைத்திருந்தார்கள். இப்போது வேறொரு மருத்துவமனையில் பயிற்சியில் இருக்கிறாள்.

அடுத்த தேர்வுக்குத் தனக்கோடியை யாரும் அழைக்கவில்லை. தேதி தெரிந்து, அன்று காலையிலேயே குளித்துவிட்டுத் தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று சந்திரிகா சொன்னார். மத்தியானம் அவருக்குப் பிடித்த மீன்குழம்பு. சாப்பிடவில்லை.

இரண்டு மாதம் கழித்து பிரிட்டோவே சேலையூருக்கு வந்தார். கல்லூரியில் புதுத் திட்டம் வந்திருந்தது. இனி தேர்வுக்கு நோயாளிகளைத் தேடி அலைவதில்லை, நோயாளியாக நடிப்பதற்கு ஆட்களை வைத்துக்கொள்ளப் போகிறார்கள். பல ஊர்களில் இப்படித்தானாம். நிரந்தரமான இடம், புகைப்படம் போட்ட அடையாள அட்டை, மாதம் நான்கு நாள் வகுப்பு, வருடத்துக்கு இரண்டு தேர்வு. மாணவர்கள் தப்பு செய்தால் இவரே வாயைத் திறந்து சொல்லலாம், இரும வேண்டாம்.

"உங்க பழைய நடையை உங்களைவிட யாருண்ணா நல்லா பண்ணப்போறாங்க?" என்றார் பிரிட்டோ.

தனக்கோடி உடனே ஒப்புக்கொண்டார். பிரிட்டோ காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் அட்டைக்குக் கொடுக்க ஒரு புகைப்படத்தையும் தேடி எடுத்துவிட்டார். அதில் காக்கிச் சட்டையில் இருந்தார்.

கல்லூரி முதல்வரைப் பார்க்க வேண்டிய நாளன்று காலை, நாற்காலியை ஒதுக்கிவிட்டு வீட்டுக் கூடத்தில் நடந்து பார்த்தார். கை நெஞ்சுக்கு வந்தது, கால் வட்டம் போட்டது, திரும்பும்போது வரும் அந்தத் தடுமாற்றம்கூட அப்படியே வந்தது. சந்திரிகா கதவோரம் நின்று பார்த்தார். "அச்சு அசலா அப்படியே கீது" என்றார். கொஞ்சம் பயமாக இருந்தது என்று பிறகு சொன்னார்.

முதல்வர் அறையில் மரியாதையாக உட்கார வைத்தார்கள். படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, முகவரி எல்லாம் எழுதினார். முதல்வர் படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பிரிட்டோ உங்களைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார், ஒரே ஒரு தடவை நடந்து காட்டுங்கள், பார்த்துவிட்டுக் கையெழுத்து போடுகிறேன் என்றார். பிரிட்டோ புன்னகையோடு நாற்காலிகளை நகர்த்தி வழி ஏற்படுத்தினார்.

தனக்கோடி எழுந்தார். எதிர்ச் சுவர் வரை சுமார் பதினைந்து அடி, அங்கேதான் கதவு. வேட்டியைச் சரிசெய்துகொண்டார். பிறகு நடந்தார், நேராக, சாதாரணமாக, தாம்பரம் ரயில் நிலையத்தில் படி இறங்கும் எவரையும் போல. கதவுவரை போனார், திறந்தார், வெளியே போய்விட்டார். திரும்பி வருவார் என்று இருவரும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள்.

ஏன் அப்படிப் போனார் என்று பிரிட்டோ மூன்று முறை தொலைபேசியில் கேட்டார். சந்திரிகா பலமுறை கேட்டார். விஷ்ணுப்ரியா ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்து கேட்டாள். அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார், பேருந்து ஏற்றிவிட்டார். காரணம் சொல்லவில்லை, ஆனால் வலது சட்டைக் கையை மடிக்காமல் பித்தான் போட்டிருந்தார்.